வெளியில போறப்ப மட்டும்தான், சிஸ்டர்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலை பார்த்த காலமெல்லாம் என் வாரம் புதன்கிழமையைச் சுற்றித்தான் ஓடியது. காலை ஒன்பது மணிக்கே துணை சுகாதார நிலையத்துத் திண்ணை நிறைந்துவிடும். ஒன்றரை மாத ஊசிக்கு ஒன்று, மூன்றரை மாத ஊசிக்கு ஒன்று, ஒன்பது மாதத்துத் தட்டம்மை ஊசிக்கு ஒன்று என்று மடிமடியாகக் குழந்தைகள். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிடும். "மார்ல போடும்மா" என்பேன். அந்தப் பெண் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுப்பாள். நாலு வாய் குடித்ததும் அழுகை அடங்கிவிடும். பால் குடிக்கும்போது குழந்தைக்கு ஊசி வலி குறைவாகத் தெரிகிறது என்பதை மருத்துவமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்த அரை மணி நேரமும் ஒரே திண்ணையில் ஐந்தாறு பேர் பால் கொடுத்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை மாத்திரைக்கு வரும் தாத்தாக்கள் நடுவில் புகுந்து போவார்கள். கட்டு மாற்ற வரும் இளவட்டங்களும் உண்டு. யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அதே பெண்கள் சாலையோரத்தில் மினி பஸ்ஸுக்கு நிற்கும்போது வேறு ஆளாகிவிடுவார்கள். ஒரு புதன்கிழமை மத்தியானம், தடுப்பூசிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதற்காக நானும் அந்த நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சற்று முன் என் திண்ணையில் நிம்மதியாகப் பால் கொடுத்த பெண் பக்கத்தில் நின்றாள். பிள்ளை மறுபடி சிணுங்கியது. அவள் ஒயர் கூடையில் கையை விட்டு, துணி சுற்றிய புட்டி ஒன்றை எடுத்தாள். உள்ளே காலையில் கரைத்த மாவுப்பால். எனக்கு மனசு ஆறவில்லை. "ஏம்மா, உனக்குப் பால் நல்லாத்தானே சுரக்குது, இது எதுக்கு?" என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "வீட்டுல தாய்ப்பால்தான் சிஸ்டர். வெளியில போறப்ப மட்டும்தான் இது."

அந்த வாக்கியத்தை அதற்கு முன்பும் கேட்டிருந்தேன், ஓய்வு பெறும் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். சீர்காழிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய கடைமடைக் கிராமங்கள் என் பகுதி. மீனவர் தெருவிலும் காலனியிலும் மெத்தை வீட்டிலும், எட்டாவதோடு நின்றவளிடமும் எம்.எஸ்ஸி. படித்தவளிடமும் சொல் மாறாமல் அதே பதில் கிடைக்கும்.

'வெளியில போறப்ப மட்டும்' என்பது கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. எங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறைக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பினால் குறைந்தது இரண்டு வேளைப் பால் அதில் அடங்கிவிடும். பால் சுரப்பதோ குழந்தை உறிஞ்சுவதைப் பொறுத்தது. எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு ஊறும். ஒரு வேளை தவறினால் மார்பு கனத்துப் பால் கட்டிக்கொள்ளும், வலிக்கும். பல வேளை தவறினால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளையும் மாறிவிடும். ரப்பர் காம்பில் பால் தானாகச் சொட்டும், மார்பில் உழைத்துக் குடிக்க வேண்டும். சொட்டும் பாலுக்குப் பழகிய பிள்ளைகள் மார்பில் வைத்ததும் முறுக்கிக்கொண்டு அழுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்தேன்.

பிறகு ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் என்னிடம் வருவாள். "பால் பத்தல சிஸ்டர்." நான் உடனே எடை போட மாட்டேன். "கடைசியா எங்கேம்மா ஊருக்குப் போயிட்டு வந்தே?" என்று கேட்பேன். நாத்தனார் வளைகாப்பு, குலதெய்வக் கோயில், ஆதார் எடுக்கப் போனது, வங்கிக் கணக்கு தொடங்கப் போனது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எல்லாவற்றிலும் அந்தப் புட்டி கூடவே போயிருக்கும். கோடை வெயிலில், பஸ் என்ஜின் சூட்டில், நாலு மணி நேரம் கூடையில் கிடந்த பால் குழந்தையின் வயிற்றுக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் பதிவேட்டில் வயிற்றுப்போக்குப் பக்கம் சொல்லிவிடும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர்கூட வேண்டியதில்லை. இவ்வளவையும் உடம்பிலேயே வைத்துக்கொண்டு ஒரு பெண் ஏன் புட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்ற கேள்விதான் என்னை விடாமல் துரத்தியது.

என் அம்மா காலத்தில் இப்படி இல்லை. நடவு நாட்களில் வயல் ஓரத்துப் பூவரச மரங்களில் தூளி தொங்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவி இருப்பாள். பிள்ளை அழுதால் அவள் குரல் கொடுப்பாள். யாருடைய பிள்ளையோ அவள் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி இறங்குவாள். ஏர் ஓட்டுகிறவர்கள், நாற்று சுமக்கிறவர்கள், மேற்பார்க்கும் காரியக்காரர் எல்லாரும் அந்தப் பக்கம்தான் நடப்பார்கள். பண்ணை வீட்டுப் பெண்கள் அப்படி இல்லை. அவர்கள் இரண்டாம் கட்டில், கதவைச் சாத்திக்கொண்டுதான் பால் கொடுப்பார்கள். வெளியில் கொடுப்பது கூலிக்காரிகளின் வழக்கம், உள்ளே கொடுப்பது குடும்பப் பெண்களின் லட்சணம் என்று ஊர் பிரித்து வைத்திருந்தது.

வயலில் இறங்கியவர்களின் பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், வேலைக்குப் போனார்கள், கல்வீடு கட்டினார்கள். கட்டியதும் அவர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். தங்கள் உடம்பு எப்போதும் அடுத்தவர் கண் முன்னால் கிடக்க வேண்டியிருந்த பெண்களுக்கு, தாழ்ப்பாள் போட ஒரு கதவு கிடைத்ததே பெரிய விடுதலை. ஆனால் வீட்டுக்குக் கதவு வைத்த நாம், வெளியே அவர்களுக்கு ஒரு இடத்தையும் விட்டு வைக்கவில்லை. கண்ணியமான பெண் என்றால் வெளியே பால் கொடுக்க மாட்டாள் என்ற நினைப்பு மட்டும் எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

உடையும் மாறியது. புடவைக்கு முந்தானை உண்டு; ஒரு சுற்றுச் சுற்றினால் பிள்ளை மறைந்துவிடும். சுடிதாரில் டாப்ஸைக் கீழிருந்து தூக்க வேண்டும், இடுப்பும் வயிறும் தெரியும். நைட்டியில் முன்பக்கம் ஜிப் இருக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியாது. பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த இரண்டு குர்த்தி தைத்துக் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது கடையிலேயே தைத்த பாலூட்டும் குர்த்தி வந்துவிட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு வளைகாப்புப் புடவை எடுக்கிற வீடுகள் அதற்கு ஐந்நூறு ரூபாய் செலவழிக்க யோசிக்கின்றன.

என் மகள் பிறந்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது அரசு வேலையில் பிரசவ விடுப்பு 90 நாள்தான். தமிழக அரசு அதை ஆறு மாதமாக்கியது 2011-ல், ஒன்பது மாதமாக்கியது 2016-ல், ஓராண்டாக்கியது 2021-ல். எங்கள் தலைமுறை மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பியது. என் அம்மா பிள்ளையோடு நான் போகிற இடமெல்லாம் வந்தாள்.

ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தது. பிள்ளை பசியில் அழத் தொடங்கியது. முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். குறுக்கே, கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்புவார், மறு நிமிடம் திரும்பவும் பார்ப்பார். பிள்ளை உறிஞ்சுகிறது, பால் வரவில்லை. வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழுகிறது. மறுபடி வைக்கிறேன், வரவில்லை. அதற்குள் நாலு இருக்கை தள்ளி ஒரு அம்மா, "பச்சைப் புள்ளைய இப்படியா பஸ்ஸுல தூக்கிட்டு வர்றது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

என் பக்கத்தில் மீன் விற்றுத் திரும்பும் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தாள். மடியில் காலி மீன் கூடை. அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கூடையைத் தூக்கி அந்த ஆளின் கையில் திணித்து, "தம்பி, செத்த இதப் புடி, அந்தப் பக்கமா வச்சுக்க, தண்ணி ஒழுகும்" என்றாள். அவர் பதறிப்போய், சட்டையில் பட்டுவிடாமல் கூடையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுசாகத் திரும்பி நின்றார். ஆயா தன் முந்தானையை விரித்து என் தோள் மீது போட்டாள். மீன் கவிச்சி முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் பால் இறங்கியது. பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த ஆளுக்கு இறங்கும் இடம் வரும் வரை ஆயா கூடையைத் திரும்ப வாங்கவே இல்லை.

பால் இப்படி நின்று, பிறகு இறங்கியதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். சுரந்த பாலைக் காம்புக்குத் தள்ளி விடுவது ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். பிள்ளையின் முகம், மணம், அழுகைச் சத்தம் எது பட்டாலும் ஆக்சிடோசின் ஊறும். பயம், கூச்சம், பதற்றம் வந்தால் அது தற்காலிகமாகத் தடைப்படும். பால் நிறைய இருக்கும், இறங்காது. எங்கள் கிழவிகள் இதைக் கண்ணேறு என்றார்கள். பால் கொடுக்கும்போது கண் பட்டால் பால் வற்றிவிடும், மறைத்துக் கொடு என்றார்கள். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த பஸ்ஸில் என் பாலை நிறுத்தியது ஒருவரின் கண்தான். கிழவிகள் அறிந்து வைத்திருந்தது சரி. அந்தப் பாரத்தை மொத்தமாகத் தாயின் தலையில் கட்டியதைத்தான் நான் ஏற்கவில்லை. அவள் மறைக்க வேண்டும், அவள் ஒதுங்க வேண்டும், அவள் நேரம் பார்த்து வெளியே கிளம்ப வேண்டும். பார்க்கிறவருக்கு மட்டும் ஒரு சொல் கிடையாது.

உலகத் தாய்ப்பால் வாரம் 1992-ல் தொடங்கியது. ஆகஸ்ட் முதல் ஏழு நாட்கள். எங்கள் துறையில் அது பெரிய வேலை: பேரணி, கோலப்போட்டி, கொழுகொழு குழந்தைப் போட்டி, சுவரெங்கும் போஸ்டர். என் மகள் கைக்குழந்தையாக இருந்த ஆண்டும் அந்த வார ஏற்பாட்டுக்காக ஆய்வுக் கூட்டம் வைத்தார்கள். அம்மா பிள்ளையோடு வெளியே வேப்ப மரத்தடியில் காத்திருந்தாள். உள்ளே ஒரு மேலதிகாரி தாய்ப்பாலின் மேன்மையை வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே என் பிள்ளை அழுதது. சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் எனக்குப் பால் பீறிட்டு யூனிபார்ம் புடவை நனைந்துவிட்டது. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்று, போய் வரவா என்று கேட்டேன். "கூட்டம் முடியட்டும்" என்றார். கூட்டம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

எங்கள் சமுதாய சுகாதாரச் செவிலியர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், எழுந்தார். "சார், நாம பேசிக்கிட்டு இருக்கிறதே அதுக்குத்தான். அது போய்க் கொடுத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். மரத்தடியில் ஜீப் டிரைவர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் வண்டிக்கு மறுபக்கம் போய் நின்று பேச்சைத் தொடர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் கற்றுக்கொண்ட எதுவும் நினைவில் இல்லை. அந்த அம்மாளின் கையின் இறுக்கமும் டிரைவர்கள் நகர்ந்துபோன விதமும் நினைவில் இருக்கின்றன.

2015 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு தமிழகம் முழுவதும் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. செய்தி கேட்ட அன்று எங்கள் செவிலியர்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பக்கத்து நகரத்துப் பேருந்து நிலையத்து அறையைப் போய்ப் பார்த்தேன். மின்விசிறி, இரண்டு மூன்று நாற்காலி, குடிதண்ணீர், திரை. ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிதம்பரத்திலிருந்து வருகிறாளாம், நாகப்பட்டினம் போக வேண்டுமாம். "கழிவறையில நின்னு கொடுத்திருக்கேன் சிஸ்டர், மொதப் புள்ளைக்கு" என்றாள். கழிவறையில் நின்றபடி யாராவது சாப்பிடுவோமா? அந்த ஒரு பெண்ணுக்காகவே அந்தத் திட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் காலப்போக்கில் சில இடங்களில் அந்தக் கதவுகளில் பூட்டு தொங்கக் கண்டேன். சாவி நேரக் காப்பாளரிடம் இருக்கும் என்பார்கள், அவர் சாப்பிடப் போயிருப்பார். ஒரு ஊரில் உள்ளே துடைப்பமும் உடைந்த பெஞ்சும் கிடந்தன. இதெல்லாம் சரிசெய்துவிடக்கூடிய கோளாறு. என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. பேருந்து நிலைய நடைமேடையில், பையை அணைத்து உட்கார்ந்து பால் கொடுத்த ஒரு பெண்ணிடம், பூ வாங்கிக்கொண்டு நின்ற நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சொன்னார்: "அதான் கவர்மெண்ட்டு ரூம் கட்டிக் குடுத்திருக்குல்ல, அங்க போயேம்மா." அவளுடைய பஸ் எதிரே உறுமிக்கொண்டு நிற்கிறது. அறை நிலையத்தின் மறுகோடியில். கூட இன்னொரு பிள்ளை, இரண்டு பை. வசதிக்காகத் திறந்த அறையை, மற்ற இடத்தில் கொடுக்கக் கூடாது என்பதற்கான உத்தரவாக அவர் எடுத்துக்கொண்டார். இன்று பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். விரும்புகிறவளுக்கு அறை வேண்டும். அறை இருப்பதனால் பெஞ்சில் கொடுக்கும் உரிமை போய்விடாது.

2018 மார்ச்சில் கேரளத்து 'கிருகலட்சுமி' இதழ், ஒரு பெண் மறைப்பில்லாமல் பால் கொடுக்கும் படத்தை அட்டையில் போட்டது. முறைத்துப் பார்க்காதீர்கள், நாங்கள் பால் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் வாசகம். படத்தில் இருந்த கிலு ஜோசப் உண்மையில் தாயில்லை என்று ஒரு சண்டை, ஆபாசம் என்று ஒரு வழக்கு. கேரள உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை வைத்து ஒரு மத்தியானம் முழுக்க வாக்குவாதம். அட்டைப்படம் எனக்கும் முழுசாகப் பிடிக்கவில்லை. பொட்டும் தாலியுமாக அழகுபடுத்திய ஒரு மாடலைவிட, பஸ்ஸில் கசங்கிய புடவையோடு கொடுக்கிற ஒருத்தியைப் போட்டிருக்கலாம். ஆனால் வாசகம் சரியான ஆளைப் பார்த்துப் பேசியது. அதுவரை நாங்கள் அடித்த போஸ்டர் எல்லாம் தாயைப் பார்த்தே பேசின: கொடு, தவறாமல் கொடு, இரண்டு வயது வரை கொடு. எதிரில் நிற்பவரிடம் பேசிய போஸ்டர் ஒன்றைக்கூட நான் ஒட்டியதில்லை.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பேசியது. பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் கேட்டுத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே அடங்கிய அமர்வு, பொது இடத்திலும் வேலையிடத்திலும் தாய்ப்பால் கொடுப்பதைக் களங்கமாகப் பார்க்கக் கூடாது என்று கூறியது. பெண்களின் கண்ணியத்துக்குக் கேடான வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்ற அரசியல் சட்டப் பிரிவையும் நினைவுபடுத்தியது. பார்க்கிறவருக்கும் கடமை உண்டு என்று நாட்டின் பெரிய நீதிமன்றம் சொல்லக் கேட்க எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

இப்போதைய பெண்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு பயம் கூடியிருக்கிறது. எங்கள் காலத்தில் ஒருவர் பார்த்தால் அந்தப் பஸ்ஸோடு போயிற்று. இன்று எதிரில் இருப்பவர் கையில் செல்போன் இருக்கிறது. "படம் எடுத்துப் போட்டுட்டா என்ன செய்யறது சிஸ்டர்?" என்று இருபத்திரண்டு வயதுப் பெண் கேட்டாள். அவளிடம் கூச்சப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிப் படம் எடுப்பது குற்றம், புகார் கொடுக்கலாம் என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த முறை வந்தபோதும் கூடையில் புட்டி இருந்தது.

சீர்காழியில் சித்திரை மாதம் திருமுலைப்பால் விழா நடக்கும். குளக்கரையில் அழுத குழந்தை சம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்த கதையைச் சட்டைநாதர் கோயில் பிரம்ம தீர்த்தக் கரையில் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகுட்டிகளோடு கூட்டம் நெரியும். ஒரு வருஷம், படிக்கட்டின் மேலே கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைக் கவனித்தேன். பிள்ளை அழுதது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் முறைக்கவில்லை. ஆனாலும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியேறி, சந்நிதித் தெருவில் நிறுத்தியிருந்த வேன்களுக்கு இடையே, வெயிலில், ஒரு சக்கரத்தின் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் போய் நிழல் மறைக்க நின்றேன். "சாமி பாக்கலியாம்மா?" என்றேன். "புள்ள பசி ஆறட்டும் நர்சம்மா" என்றாள். அழுத பிள்ளைக்குப் பால் கொடுத்ததைத் தெய்வச் செயலாகக் கொண்டாடுகிற இடத்திலிருந்து, அழுத பிள்ளைக்குப் பால் கொடுக்க அவள் வெளியேற வேண்டியிருந்தது. என்றைக்கோ, எங்கேயோ பட்ட பார்வைகள் அவளுக்குள் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தன.

சட்டம் சில பேருக்குக் கை கொடுக்கிறது. மகப்பேறு சலுகை குறித்த சட்டப்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. நூறு நாள் வேலையில், ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ள வைத்து அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அது நடந்த இடங்களில் பழைய பூவரச மரத்தடித் தூளியை நான் மறுபடி பார்த்தேன். வாய்க்கால் கரையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். பக்கத்தில் மண்வெட்டியோடு ஆண்கள் டீ குடித்தார்கள். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

எல்லா ஊரிலும் அப்படி ஆக முடியும். எங்கள் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் எந்தப் போஸ்டரையும் படித்தவர் இல்லை. பிள்ளை அழுகிற பெண்ணைக் கண்டால், "உள்ள பெஞ்சுல உக்காரும்மா" என்பார். பெஞ்சு பாய்லருக்குப் பின்னால், சாலைக்கு முதுகு காட்டிக் கிடக்கும். சொல்லிவிட்டு அவர் பால் ஆற்றப் போய்விடுவார். டீ வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த நிறுத்தத்தில் மட்டும் புட்டிகள் குறைந்ததை நான் கண்ணால் கண்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்குக் கேட்க இருப்பது இவ்வளவுதான். பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினால் ஜன்னல் ஓரத்தை விட்டுக் கொடுங்கள். அவள் பால் கொடுக்கத் தொடங்கினால் முகத்தைச் சுளிக்க வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம், அறை எங்கே இருக்கிறது என்று வழி காட்டவும் வேண்டாம். அவள் கேட்டால் மட்டும் காட்டுங்கள். வேறு யாராவது முறைத்தால் அவரிடம் பேச்சுக் கொடுத்துத் திருப்புங்கள். உங்கள் வீட்டு மருமகள் வெளியே கிளம்பும்போது, புட்டி எடுத்து வைத்தாயா என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.